நீளக் கைச் சட்டையும் மூன்றாவது குடாவும்

ஊஸ்டர், சுவிஸ்
12 ஜனவரி 2024

யேசு மரி சூசை

என் அன்பு மச்சாள் அஞ்சலினுக்கு,

நான் சுகம். இவர் சுகம், நதாலியும் சுகம். உன் முழங்கால் எப்படி? நீ வீட்டோடு நின்று பராமரிக்கிற அந்தக் கிரேக்கக் கிழவி மரூலா இன்னும் சூப்பை உன் மேலேதான் துப்புகிறாவோ?

வட்ஸ்அப் இருக்க இந்த விசரி ஏன் பேனை பிடிக்கிறாள் என்று யோசிப்பாய். எல்லாம் உன்னால்தான். நத்தாருக்கு நீ அனுப்பிய குரல் செய்தி நாங்கள் காரில் போகும்போது வந்தது. இவர் எதையோ அமத்த, உன் குரல் கார் முழுக்கக் கேட்டது. "எடி கொறற்றி, இன்னும் அந்த நீளக் கைச் சட்டைதானோ? எப்பதானடி கழட்டப் போறாய்?"

பின் சீற்றில் இருந்தது யார் தெரியுமோ? சூக் நகரில் இருக்கிற பெனடிக்ரா அக்கா. அவவின் மகன் டினேசும் எங்கள் நதாலியும் விரும்பி, இப்போதுதான் பெரியவர்கள் நாங்கள் கலியாணம் பேசுகிறோம். "ஏன், கைக்கு என்ன?" என்று அவ கேட்டா. இவர் றோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "அது மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி அக்கா. மகளின்ர கலியாணம் முடியுமட்டும் நீளக் கைதான் போடுவா." அவ உடனே சிலுவை போட்டா. நான் இருமினேன்.

என் உடம்பில் வெள்ளை படரத் தொடங்கி ஒன்பது வருடம். வீட்டுக்கு வெளியே உனக்கு மட்டும்தான் காட்டியிருக்கிறேன். தோள், முழங்கை வரை, நெஞ்சு, முதுகு, தொடை. முகத்தையும் கை நுனிகளையும் விட்டுவைத்திருக்கிறது. தொற்றாது, ஆபத்தில்லை, இனி வைத்தியமும் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் சனத்துக்கு அது வெண்குட்டம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று சொல்லி கலியாணத்தைக் குழப்பிவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிரியாதே. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு ஊர்சுலா என்று ஒருத்தி வேலை செய்கிறாள். கிரேக்கத் தீவுகளில் சில கடற்கரைகளில் உடுப்போடும் குளிக்கலாமாம், இல்லாமலும் குளிக்கலாமாம், யாரும் யாரையும் பார்ப்பதில்லையாம். உன் தீவிலும் இருக்காம். தேடிச் சொல்லு. தமிழ் ஆட்கள் வராத இடமாய் இருக்கவேண்டும். ஒரே ஒரு தரம் என் தோல் முழுக்கக் கடல் தண்ணீர் படவேண்டும் அஞ்சலின். வேறொன்றும் கேட்கவில்லை.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்து விலாசத்துக்கு அனுப்பு.

உன் மச்சாள்
மரியகொறற்றி


நாக்சோஸ் தீவு, கிரேக்கம்
29 ஜனவரி 2024

அன்பு கொறற்றி,

நீ சுகமென்று அறிந்து சந்தோசம். என் முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், தன்னைத்தான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்து மரூலா கரண்டியால் எறிந்துவிட்டா.

எடியே, மாதா சபைச் செயலாளர் அம்மணக் குண்டியாய்க் குளிக்க இடம் தேடுகிறாவாம்! அதற்கு மாமன் மகள் நான் தரகு வேலை பார்க்கவேண்டுமாம்!

சரி, பகிடி போதும். தேடுகிறேன். எனக்கு ஞாயிறு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் விடுதலை. பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதற்குப் போகவேண்டும். அந்தப் பாவத்தை நீயே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லு. மற்றது, யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்த கிரேக்கம் மருந்து, சூப், மாற்றுத்துணி, அவ்வளவுதான். எதிர்ப் பேக்கரிக்காரியிடம் சட்டையைக் கழட்டுகிற மாதிரியும் நீந்துகிற மாதிரியும் நடித்துக் காட்டினேன். அவள் பயந்து தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

எப்போது வருகிறாய்? திகதி எழுது.

பிள்ளைக்கும் உன் மனிசன் வின்சன்ற் அண்ணைக்கும் என் அன்பு.

அஞ்சலின்


ஊஸ்டர்
19 பெப்ரவரி 2024

யேசு மரி சூசை

அன்பு அஞ்சலின்,

எல்லோரும் சுகம். உன்னையும் மாதா காப்பாற்றட்டும். கலியாணம் ஒக்ரோபர் பத்தொன்பது, சனிக்கிழமை. மண்டபம் பிடித்தாயிற்று.

பெனடிக்ரா அக்கா நல்ல மனிசி. அதுதான் கரைச்சல். என் நேர்த்தியைப் பற்றிச் சூக் முழுக்கச் சொல்லி, அது சூரிச்சுக்கும் வந்துவிட்டது. இங்கே லாங்ஸ்ட்ராசத் தெருவில் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து என் சட்டைக் கையைத் தொட்டுக் கும்பிடுகிறாள். "அன்ரி, எனக்காகவும் ஒருக்கா மன்றாடுங்கோ." நான் என்ன சொல்ல? மன்றாடினேன்.

நீ தேடும்போது இதையும் பார். படம் எடுக்கிறவர்கள் வருவார்களோ? போன உடனேயே கழட்டவேண்டுமோ, கொஞ்ச நேரம் சட்டையோடு இருந்து பார்க்கலாமோ? தண்ணீருக்குள் இறங்கிப்போய்க் கழட்டலாமோ? கல்லோ, மணலோ? மன்னார்க் கடற்கரைப் பெட்டை இப்படிக் கேட்கிறாள் என்று சிரியாதே. ஒன்பது வருடமாய் ஏரித் தண்ணீரில் காலைக்கூட வைக்கவில்லை. சித்திரைக் கடைசியில் வரப் பார்க்கிறேன்.

கொறற்றி


நாக்சோஸ்
25 மார்ச் 2024

அன்பு கொறற்றி,

தவக்காலமாய்ப் பார்த்து எனக்கு வேலை தந்தாய். முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு எழுதுகிறேன்.

முதலாவது குடா பஸ்ஸால் இறங்கினால் பத்து நிமிடம். மணல் பட்டுப் போல. ஆனால் மேலே ஹோட்டல் கட்டிவிட்டார்கள், பல்கனியில் நின்று தேத்தண்ணி குடிப்பவனுக்கு எல்லாம் தெரியும். வேண்டாம்.

இரண்டாவது குடாவில் ஒரே ஒரு கிழவர். தலையில் தொப்பி, பக்கத்தில் நாய், மற்றப்படி ஒன்றுமில்லை. என்னைக் கண்டதும் எழும்பி நின்று மரியாதையாய் வணக்கம் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்தது, கோயில் சுவாமியாருக்குச் சொல்கிற "தோத்திரம் சுவாமி". சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அந்தக் குடாவுக்குக் கயிறு பிடித்துத்தான் இறங்கவேண்டும், உன் எடைக்கு அது சரிவராது.

கேட்டதற்குப் பதில்: ஒருவரும் கட்டாயப்படுத்துவதில்லை. போட்டுக்கொண்டும் இருக்கலாம்.

சித்திரையில் எத்தனையாம் திகதி? சொன்னால்தான் நான் இங்கே லீவு கேட்கலாம்.

அஞ்சலின்


ஊஸ்டர்
21 ஏப்ரல் 2024

யேசு மரி சூசை

அன்பு அஞ்சலின்,

உன் முழங்காலுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். நாங்கள் சுகம்.

இந்த மாதம் வர ஏலாது. கோபியாதே. இவரிடம் கேட்டேன், உன்னைப் பார்க்கத்தான் என்று. முதலில் ஓம் என்றார். பிறகு, "வெய்யில் பட்டால் மற்றத் தோல் கறுக்கும், வெள்ளை இன்னும் எடுத்துக் காட்டும். கலியாணம் முடியட்டும் கொறற்றி" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நினையாதே. என் கை எட்டாத முதுகுக்கு ஒன்பது வருடமாய் அவர்தான் மருந்து பூசுகிறார். டொக்டர் நிற்பாட்டச் சொன்ன பிறகும் பூசுகிறார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் வாய் வருகுதில்லை.

சலவை அறையில் இப்போதே முப்பத்திரண்டு பாகை. எல்லோரும் கையில்லாச் சட்டையோடு நிற்கிறார்கள். நான் மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டிக்கொண்டு நின்று கடைசியில் மயங்கி விழுந்தேன். ஊர்சுலா பொத்தானைக் கழட்ட வந்தாள். அரை மயக்கத்திலும் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

நீ தேடுவதை விட்டுவிடாதே.

கொறற்றி


நாக்சோஸ்
27 மே 2024

அன்பு கொறற்றி,

மயங்கினாய் என்றதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தண்ணீர் குடிக்கிறாயோ? பிரஷர் பார்த்தாயோ?

மூன்றாவது குடாவைக் கண்டுபிடித்துவிட்டேன். இதுதான் உன் இடம். பஸ்ஸின் கடைசித் தரிப்பு, பிறகு இருபத்தைந்து நிமிடம் ஆட்டுப் பாதை. இரண்டு பக்கமும் பாறை மறைப்பு, நடுவில் மணல், இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகிறது. எட்டோ ஒன்பதோ பேர் இருந்தார்கள். ஒரு பக்க மார்பை வெட்டி எடுத்த மனிசி ஒருத்தி மல்லாந்து படுத்துப் புத்தகம் வாசித்தா. வயிற்றில் நீளத் தையல் போட்ட ஒருவர் தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது என்னைத்தான். குடையும் பிடித்து, காதுவரை துவாயையும் சுற்றிக்கொண்டு நின்றது நான் ஒருத்திதானே.

ஒரு எச்சரிக்கை. அங்கே இரண்டு பேர் உங்கள் ஊர் ஜெர்மனில் கதைத்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் சுவிஸ் சனம் வருமாம். செப்டெம்பர் கடைசியில் ஆளிருக்காது, தண்ணீரும் சூடாய் இருக்கும். கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன். வந்துவிட்டுப் போ. மூன்று நாள் போதும்.

வருவாய்தானே?

அஞ்சலின்


ஊஸ்டர்
18 ஜூன் 2024

அஞ்சலின்,

சுகமாய் இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நீ சுகமாய் இரு.

பெனடிக்ரா அக்கா நேற்று வந்தா. கலியாணத்துக்கு அடுத்த நாள் ஐன்சீடெல்ன் மாதா கோயிலில் என் நேர்த்தியை நிறைவேற்ற ஒழுங்கு செய்துவிட்டாவாம். பூசை முடிய, பீடத்துக்கு முன்னால், சபைப் பெண்கள் இருபது பேர் சுற்றி நிற்க, நான் கட்டைக் கைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டுமாம். அவவே ஒரு பட்டுச் சட்டையும் தைப்பித்துவிட்டா. கை தோளுக்குக் கீழே நாலு விரல்தான். தன் மகனுக்காக நான் பட்ட கஷ்டத்துக்குத் தன் பரிசாம். சொல்லும்போது அழுதா. நானும் அழுதேன், அவ நினைத்த காரணத்துக்கு இல்லை.

அவ போன பிறகு இவர் சொன்னார், "பேரப்பிள்ளை பிறக்குமட்டும் நேர்த்தி எண்டு மாத்திச் சொல்லுவம்." அதற்குப் பிறகு ஞானஸ்நானம் மட்டும் என்பார். பிறகு நதாலியின் இரண்டாவது பிள்ளை மட்டும். சவப்பெட்டிக்குள்ளும் என்னை நீளக் கையோடுதான் கிடத்துவார்கள்.

இனித் தேடவேண்டாம். நான் வரவில்லை. என் கடிதங்களைக் கிழித்துப் போடு.

கொறற்றி


நாக்சோஸ்
8 ஜூலை 2024

கொறற்றி,

சுகம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. கடிதங்களைக் கிழிக்கமாட்டேன்.

உனக்குச் சொல்லவில்லை, போன ஞாயிறு நான் இறங்கினேன். உடுப்பில்லாமல்தான். உனக்காகத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பம் என்று முழங்கால் வரை போனேன், பிறகு திரும்பி வந்து எல்லாவற்றையும் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் விழுந்தேன். ஐம்பத்தொரு வயதில்! இருபது நிமிடம் கிடந்தேன். யாருக்கும் சூப் காய்ச்சவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. பஸ்ஸுக்கு ஈரத் தலையோடு ஓடிவந்தேன். மரூலா என் தலைமயிரை மணந்து பார்த்து "கடல்" என்றா. நாலு மாதத்துக்குப் பிறகு அவ வாயில் வந்த சரியான சொல் அது.

நீ வராவிட்டால் போ. ஆனால் இது உனக்கு வேண்டாம் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

அஞ்சலின்


நாக்சோஸ்
20 ஆகஸ்ட் 2024

அன்பு கொறற்றி,

ஆறு கிழமையாய்ப் பதில் இல்லை. மடு மாதாவின் ஆகஸ்ட் திருநாளுக்கும் ஒரு சொல் இல்லை. என்னோடு கோபம் என்றால் கோபம் என்று எழுது. வருத்தம் என்றால் அதை எழுது. ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்து அவனும் இப்போது என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

அஞ்சலின்


ஊஸ்டர்
2 செப்டெம்பர் 2024

யேசு மரி சூசை

என் அன்பு அஞ்சலின்,

உன்னோடு எனக்கென்ன கோபம். மன்னித்துக்கொள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் நதாலியின் கலியாணச் சட்டைக்கு அளவெடுக்கச் சூரிச்சுக்குப் போனோம். அவள் தையல்காரியிடம் கை முழு நீளம், முதுகு மூடவேண்டும், இடுப்புத் தெரியக்கூடாது என்றாள். என் பிள்ளை நேற்றுவரை கையில்லாச் சட்டையோடு திரிந்தவள். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் பின்னால் போய்த் திரையை இழுத்துவிட்டுக் காட்டச் சொன்னேன். இடது இடுப்பில் அஞ்சு பிராங் நாணயக் குத்தியளவில் இரண்டு வெள்ளை.

"எப்ப இருந்து?"

"மார்ச்சில இருந்து."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே." பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள், "எனக்கும் ஒரு நேர்த்தி வைச்சு விடுங்கோ அம்மா. அப்பாவுக்கு நல்லாச் சொல்லத் தெரியும்."

பகிடிக்குச் சொல்லவில்லை அஞ்சலின். உண்மையாகவே கேட்டாள். இந்த வருத்தத்தை அவளுக்கு நான் கொடுத்தேனோ தெரியாது, டொக்டரும் சரியாய்ச் சொல்லவில்லை. ஒளிக்கிறதைக் கொடுத்தது நான்தான்.

பதினேழாம் திகதி இரண்டு பேரும் ரயில் ஏறிச் சூக்குக்குப் போனோம். இவரிடம் சொல்லவில்லை. பெனடிக்ரா அக்கா வடை சுட்டுக்கொண்டு நின்றா. அந்தப் பட்டுச் சட்டையைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். சந்தோசமாய் எடுத்துத் தந்தா. குளியலறையில் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்து நின்றேன். கை தெரிந்தது, தோள் தெரிந்தது, கழுத்துக்குக் கீழே எல்லாம் தெரிந்தது. வடை கருகி மணத்தது, ஒருவரும் அடுப்பை நிற்பாட்டவில்லை.

பிறகு கேட்டா, "பிள்ளைக்கும் இருக்கோ?"

நான் வாய் திறக்க முதல் நதாலி தானே சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"டினேசுக்குத் தெரியுமோ?"

"ஓம் அன்ரி. அவர்தான், தன்ர அம்மாட்டைச் சொல்லாதை எண்டவர்."

அதற்குப் பிறகு அவ எங்களை இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாங்களே வந்துவிட்டோம்.

பதினொரு நாள் போன் அடிக்கவில்லை. டினேஸ் மட்டும் வந்து வாசலில் நின்று நதாலியோடு கதைத்துவிட்டுப் போனான். பிறகு அவ எடுத்தா. "கலியாணம் நடக்கட்டும். ஆனா கலியாணப் படத்திலயும் ஐன்சீடெல்னிலயும் நீங்கள் நீளக் கைதான் போடவேணும். பிள்ளையும்தான். நேர்த்தி நீளுது எண்டு நானே எல்லாருக்கும் சொல்லுறன்."

பார்த்தாயோ? இவர் தொடக்கிவைத்ததை அவ ஏற்று நடத்தப் போகிறா. நான் சொன்னேன், "இல்லை அக்கா. நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தியும் வைக்கேல்லை. அது பொய். இனி நான் நீளக் கை போடமாட்டன்." அவ போனை வைத்துவிட்டா.

கலியாணம் நடக்குமோ தெரியாது. டினேஸ் நடக்கும் என்கிறான், ஆனால் அவன் தாய்க்கு முன்னால் வாய் திறந்ததை நான் இன்னும் காணவில்லை. இவர் என்னோடு கதைப்பதில்லை. மருந்துக் குழாயை மட்டும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறார். எனக்குப் பயமாய்த்தான் இருக்கிறது. சில நேரம் மகளின் வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று இரவில் எழும்பி இருக்கிறேன்.

செப்டெம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, கப்பலில் வந்து இறங்குகிறோம். ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போ.

உன் மச்சாள்
மரியகொறற்றி


நாக்சோஸ்
14 செப்டெம்பர் 2024

என் அன்பு கொறற்றி,

உன்னையும் பிள்ளையையும் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறேன். வின்சன்ற் அண்ணையைத் திட்டாதே, அவருக்கும் நாள் எடுக்கும்.

கவனமாய்க் குறித்துக்கொள். ஞாயிறு பஸ் துறைமுகத்தடியில் பதினொன்றேகாலுக்கு. அதை விட்டால் மூன்றுக்குத்தான். கடைசித் தரிப்பில் இறங்கு. செருப்பு வேண்டாம், சப்பாத்து. சிவப்புச் சாயம் பூசிய கல்லு வரும், அதில் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் பள்ளம். தண்ணீரும் பாணும் கொண்டு போங்கோ, அங்கே கடை இல்லை. முதுகுக்கு வெய்யில் கிரீம் பூசு, வெள்ளைத் தோல் கெதியாய் எரியும். நதாலி கூச்சப்பட்டால் அவசரப்படுத்தாதே. நீ முதலில் இறங்கு. திரும்பி வருகிற பஸ் நாலரைக்கு.

ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால் நான் வரமாட்டேன். மரூலா போன கிழமை விழுந்துவிட்டா. மகன் ஏதென்ஸிலிருந்து வந்து வீட்டில் நிற்கிறான். இனி எனக்கு ஞாயிறு இல்லையாம், வேறு ஆள் கிடைக்குமட்டும். வீட்டுக்கும் ஒருவரும் வரக்கூடாதாம். என் வதிவிடப் பத்திரம் மார்கழியில் முடிகிறது, அதில் கையெழுத்து வைக்கவேண்டியவன் அவன். அதனால் நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அழாதே. நான் அழுது முடித்துவிட்டேன். நீங்கள் குளிக்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனில் கேட்கிற தமிழ் எனக்கு அலுத்துவிட்டது. நேரே ஒரு ஆளின் வாயிலிருந்து கேட்டு நாலு வருடம். குளித்துத் திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கினதும் பேக்கரிக்கு எதிர்ச் சந்துக்குள் வாருங்கோ. இரண்டாவது மாடி, நீல யன்னல். மேலே ஏறவேண்டாம், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். யன்னலுக்குக் கீழே நின்று நீயும் நதாலியும் சத்தமாய்க் கதையுங்கோ. தண்ணீர் எப்படி இருந்தது, யார் முதலில் இறங்கினது, எதை என்றாலும் கதையுங்கோ. நான் உள்ளே நின்று கேட்பேன்.

அஞ்சலின்